சேலம் ஆலயமும் அதைக் கட்டிய கைகளும்

எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களின் வரலாற்றை எதைக்கொண்டு அறிவது? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாநிலங்கள் பலவற்றில், அடிமைகளாக வைக்கப்பட்டோருக்கு எழுத்துக் கற்பிப்பதே சட்டப்படி குற்றமாயிருந்தது. ஆதலின் அவர்கள் தம் கைப்பட எழுதிச் சென்ற ஏடுகள் மிகச் சிலவே. ஆயினும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், நயாகரா நீர்வீழ்ச்சிக்கு அண்மையிலுள்ள சென் கதரின்ஸ் நகரில், அவர்கள் மரத்தால் ஆக்கிய ஓர் ஆவணம் இன்றும் நிற்கின்றது. அதுவே சேலம் ஆலயம்.

1850ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேரவை கொடிய சட்டமொன்றை இயற்றியது. வட மாநிலங்களுக்குத் தப்பி வந்தோரையும் பிடித்து, உரிமை கோருவோனிடம் ஒப்படைத்தல் வேண்டும். அவர்களுக்கு ஒளிவிடம் தந்தோர்க்கு 1,000 டொலர் வரை தண்டமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. வழக்கைக் கேட்கும் ஆணையாளர், பிடிபட்டவரைத் திருப்பி அனுப்பினால் 10 டொலரும், விடுவித்தால் 5 டொலரும் ஊதியம் பெற்றார். நீதி எப்பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை நேயர்களே உய்த்துணரலாம்.

எல்லைக்கு அப்பாலிருந்த கனடாவிலோ, பிரித்தானியச் சட்டத்தின்படி 1834 ஓகஸ்ட் 1ஆந் தேதி அடிமைமுறை ஒழிந்திருந்தது. (அச்சட்டம் இலங்கைக்கு விலக்களித்தது என்பதையும், இங்கு அடிமைமுறை 1844இலேயே சட்டத்தால் நீக்கப்பட்டது என்பதையும் நம்முட் பலர் அறியார்.) ஆகவே தப்பியோர் இரவில் நடந்தும் பகலில் மறைந்தும் வடக்கே வந்தனர். மேரிலாந்திலிருந்து 1849இல் தப்பிய ஹரியற் ரப்மன் என்னும் பெண்மணி, 1851ஆம் ஆண்டின் இறுதி தொட்டுப் பலரைச் சென் கதரின்சுக்கு அழைத்து வந்தார். அவர் மீட்டோர் முந்நூறு பேர் எனப் பழைய நூல்கள் கூறும். அண்மைக்கால ஆராய்ச்சியாளர் ஏறத்தாழ எழுபது பேர் என்பர். பிடிபட்டால் தம் உயிரே போகும் என அறிந்தும் திரும்பத் திரும்பச் சென்றவர்க்கு எழுபதும் சிறு தொகையன்று.

1855இல் அந்நகரின் மக்கள் ஏறத்தாழ ஆறாயிரவர். அவருள் எண்ணூறு பேர் ஆபிரிக்க வழியினர். முன்னிருந்த சிற்றாலயம் போதாமையால், அவ்வாண்டில் அவர்கள் புதிய ஆலயத்தைத் தாமே கட்டி முடித்தனர். கையாற் செதுக்கிய கனத்த மரத் தூண்கள், உத்தரங்கள், மூன்று புறமும் சுற்றிவரும் மேன்மாடம், பகட்டில்லாத முகப்பு. பிறர்க்காக உழைத்துப் பழகிய கைகள் தமக்கென எழுப்பிய கூடம் இது. வந்து சேர்ந்தோர்க்கு உணவும் உடையும் வேலையும் தேடிக் கொடுக்கும் முயற்சிகளுக்கு ஆலயமே நடுவிடமாயிற்று.

1856இல் இச்சபையின் பெயரும் மாறிற்று. அதுவரை அது அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட மெதடிஸ்ற் திருச்சபையொன்றைச் சார்ந்திருந்தது. அதன் மாநாட்டுக்குச் செல்ல எல்லையைக் கடப்பின் பிடிபடும் அச்சம் இருந்தது. எனவே கனடாச் சபைகள் பிரிந்து ‘பிரித்தானிய மெதடிஸ்ற் எப்பிஸ்கோப்பல்’ என்னும் பெயரைத் தாங்கின.

புகலிடத்திலும் நிறவேற்றுமை இல்லாமலில்லை. கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பாடசாலைகளை ஏற்படுத்த 1850ஆம் ஆண்டின் மாகாணச் சட்டம் இடமளித்தது. அத்தகைய பாடசாலைகளுள் இறுதியானது மூடப்பட்டது 1965இலேயாம். பாடசாலை அதிபராகிய யான் இச்செய்தியை விட்டுச் செல்ல மனம் ஒப்பவில்லை.

உள்நாட்டுப் போர் முடிந்து, 1865இல் அமெரிக்காவில் அடிமைமுறை நீங்கியபின் பலர் தாயகம் மீண்டனர். ஆலயம் இன்று கனடாவின் தேசிய வரலாற்றுத் தலம். எனினும் பட்டயம் கூரையைப் பழுதுபார்ப்பதில்லை. மரக்கட்டடத்துக்கு ஈரமும் பனியும் தீராப் பகை. சபையோரோ மிகச் சிலர். இடித்துவிட்டுப் புதிதாய்க் கட்டுவது மலிவாயிருக்கலாம். ஆனால் உளி பட்ட அந்த மரங்கள் போனால், கட்டியவர்களின் கையெழுத்தே போய்விடும். பழுதுற்ற துண்டை மட்டும் நீக்கி, அதே இன மரத்தைப் பொருத்தி, செய்ததைக் குறித்து வைப்பதே முறையான பேணல். அதற்குத் தேர்ந்த தச்சரும் வேண்டும், பணமும் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

இதனை முற்றாக நூதனசாலையாக்கிவிடுவதும் எனக்கு உடன்பாடன்று. வழிபாட்டுக்கெனக் கட்டிய கூடத்தில், சிறு சபையாயினும் பாடிக்கொண்டிருத்தல் நன்று. ரொறன்ரோவில் வாழும் நம்மவர் பலர் நயாகராவுக்குச் செல்லும் வழியில் இந்நகரைக் கடந்தே போகின்றனர். ஆலயம் இருப்பது ஜெனீவா வீதியில்.