கடலிற் குடியிருக்க ஒரு கலம்

வீடு கட்டப் புகுவோன் முதலில் நிலத்தைப் பார்க்கிறான். மண்ணின் தன்மையை ஆராய்கிறான். கிணற்றில் நல்ல நீர் ஊறுமா என்று விசாரிக்கிறான். அறைகளின் அளவைப் பற்றி அவன் சிந்திப்பது அதன் பின்னரே. ஆனால், மோட்டார் பொறியால் இயங்கும் கலம் ஒன்றையே வீடாகக் கொண்டு, மனைவி மக்களுடன் ஆண்டுக்கணக்கில் துறைமுகம் துறைமுகமாகச் சஞ்சரிக்க விரும்புவோருட் பலர் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி விடுகின்றனர். விற்பனைக்கு நிற்கும் படகினுள் ஏறி, மெத்தையின் மென்மையையும் சமையலறையின் பளபளப்பையும் கண்டு மயங்கி, அங்கேயே விலை பேசி முடிக்கின்றனர். இறங்குதுறையிற் கட்டிக் கிடக்கும்போது எல்லாக் கலங்களும் நல்ல கலங்களே. கரையினின்று பல நூறு மைல் தொலைவில், நள்ளிரவில், காற்று மாறி அலை உயரும்போதுதான் கலத்தின் உண்மைக் குணம் வெளிப்படும். அவ்வேளையில் உள்ளே உறங்கிக்கொண்டிருப்பவர்கள் நம் பிள்ளைகள் என்பதை நினைவிற் கொண்டே இந்தப் பொருளை ஆராய வேண்டும்.

முதலிற் சிறிது வரலாறு. 1921 ஆம் ஆண்டில் 'ஸ்பீஜாக்ஸ்' என்னும் 98 அடி நீளமான மோட்டார் கலம் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு, 1922 இல் உலகைச் சுற்றி வந்து சேர்ந்தது. அது பெரிய சாதனையே. எனினும், பசிபிக் பெருங்கடலின் நீண்ட வெளியைக் கடக்க அதன் எரிபொருள் போதாமையால், நீராவிக் கப்பலொன்று அதனைக் கயிறு கட்டி இழுத்துச் செல்ல நேர்ந்தது. நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், அமெரிக்கக் கடற்படையிற் கப்டனாகப் பணியாற்றிய றொபேட் பீபி என்பவர், 50 அடி நீளமான 'பாசேஜ்மேக்கர்' என்னும் கலத்தைத் தாமே வரைந்து, சிங்கப்பூரிற் கட்டுவித்து, 1963 இல் இந்து சமுத்திரத்தைக் கடந்து மத்தியதரைக் கடல்வரை தன் சொந்தப் பொறியின் வலுவினாலேயே சென்றடைந்தார். ஏறத்தாழ அரைப்பங்கு நீளமே கொண்ட கலம், பெரிய கலத்தால் இயலாததை எவ்வாறு செய்தது? இந்தக் கேள்விக்கு விடை காண்போமாயின், கலந்தேரும் கலையின் பாதியை அறிந்தவர்களாவோம்.

விடை வேகத்திலே தங்கியிருக்கிறது. மோட்டார் கலங்கள் பெரும்பாலும் இருவகை. நீரைக் கிழித்து, இரு மருங்கும் ஒதுக்கிக்கொண்டு செல்வது ஒருவகை. வலிமை மிக்க பொறிகளின் உந்துதலால் நீரின்மேல் எழுந்து வழுக்கிச் செல்வது மற்றொருவகை. இவற்றுள் முதலாவதற்கு இயற்கையே ஒரு வேக எல்லையை வகுத்திருக்கிறது. கலம் நீரைத் தொடும் நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆற் பெருக்கினால், மணிக்கு எத்தனை கடல்மைல் என்ற கணக்கில் அவ்வெல்லை கிடைக்கும். நீர்மட்டத்தில் 36 அடி நீளமுள்ள கலத்திற்கு வர்க்கமூலம் 6. ஆகவே எல்லை ஏறத்தாழ 8 கடல்மைல். அதற்குமேல் விரைய முயன்றால், கலம் தானே எழுப்பிய அலையின்மீது ஏற முயலும் நிலைக்கு ஆளாகும். எரிபொருள் வீணாகுமேயன்றி வேகம் பெருகாது.

அவ்வெல்லைக்குட் செல்லும்போதும் வேகத்திற்குக் கொடுக்கும் விலை பெரிது. பொறி தரவேண்டிய வலு, ஏறத்தாழ வேகத்தின் கனத்திற்கு ஏற்ப உயர்கிறது. டீசல் பொறி ஒவ்வொரு குதிரைவலுவுக்கும் மணிக்கு ஏறத்தாழ 0.2 லீற்றர் எரிபொருளை உட்கொள்ளும். நாம் கூறிய கலம் மணிக்கு 6 கடல்மைல் செல்ல 30 குதிரைவலு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது மணிக்கு 6 லீற்றர், அதாவது மைலுக்கு ஒரு லீற்றர் செலவாகும். அதே கலம் 8 கடல்மைல் வேகத்திற் சென்றால் மைலுக்கு ஏறத்தாழ 1.8 லீற்றர் தேவைப்படும். 5 கடல்மைலாகக் குறைத்தால் 0.7 லீற்றரே போதும்.

இக்கணக்கின் பயனைப் பாருங்கள். அத்திலாந்திக் சமுத்திரத்தைச் சிறு மோட்டார் கலங்கள் கடக்கும்போது, பேர்மூடாத் தீவிலிருந்து அசோர்ஸ் தீவுகள்வரையுள்ள ஏறத்தாழ 1,800 கடல்மைல் தூரமே இடைத்தங்கல் இல்லாத நெடுவழியாகும். நம் கலத்தின் தாங்கியில் 2,000 லீற்றர் இருக்கிறது. அதில் ஐந்திலொரு பங்கை ஆபத்துக்கு உதவும் சேமிப்பாக ஒதுக்கினால் எஞ்சுவது 1,600 லீற்றர். 8 கடல்மைல் வேகத்திற் செல்பவர் ஏறத்தாழ 900 மைலிற் பாதி வழியிலே நிற்பார். 6 கடல்மைல் வேகத்திற் செல்பவர் 1,600 மைல் செல்வார். அப்போதும் கரை எட்டாது. 5 கடல்மைல் வேகத்திற் செல்பவரோ பதினைந்து நாளில் அசோர்ஸை அடைந்து, எரிபொருள் மிச்சமும் வைத்திருப்பார். பொறுமை என்பது கடலில் வெறும் நற்குணம் அன்று, அது எரிபொருள். நெடுங்கடல் கடக்க விரும்புவோர் வழுக்கிச் செல்லும் விரைவுக் கலத்தைத் தவிர்ப்பதன் காரணமும் இதுவே.

ஆனால், எல்லாக் குடும்பங்களும் சமுத்திரத்தைக் கடக்க வேண்டியதில்லை. ஆகவே, எந்தக் கலம் என்ற கேள்விக்கு முன்னே எங்கே செல்லப் போகிறோம் என்ற கேள்வி நிற்க வேண்டும். பிரான்ஸ் நாட்டின் உள்நாட்டுக் கால்வாய்களில் உலாவ விரும்புவோர்க்குப் பாலங்களே எஜமானர்கள். அவற்றுட் பலவற்றின் கீழ் நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3.5 மீற்றர் உயரமே இடைவெளி உண்டு. நீரின் ஆழமும் 1.8 மீற்றரளவே. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியை ஆறுகள், ஏரிகள், கரையோர நீர்வழிகள் மூலம் சுற்றிவரும் ஏறத்தாழ 6,000 மைல் பயணத்திலே, சிக்காகோ நகருக்கு அண்மையில் 19.6 அடி உயரமான நிலைப்பாலம் ஒன்று குறுக்கே நிற்கிறது. அதன்கீழ் நுழைய முடியாத கலத்திற்கு அந்தச் சுற்று நிறைவேறாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் உல்லாசக் கலங்களை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கின்றன. முதல் வகுப்புக் கலம் காற்றின் எட்டாம் வலுவுக்கும் 4 மீற்றர் அலைக்கும் மேற்பட்ட நிலைமையைத் தாங்க வல்லது. மூன்றாம் வகுப்புக் கலமோ ஆறாம் வலுவுக்கும் 2 மீற்றர் அலைக்கும் உட்பட்ட கரையோரத்திற்கே உரியது. கலத்திற் பதித்திருக்கும் சிறு தகட்டில் இவ்வகுப்பு எழுதப்பட்டிருக்கும். சமையலறையைப் பார்க்குமுன் அந்தத் தகட்டைப் பாருங்கள்.

காலமும் இடத்தோடு சேர்ந்ததே. மலாக்கா நீரிணையிலிருந்து மேற்கே செல்லும் சிறு கலங்கள், வாடைக்காற்று வீசும் மாதங்களிலே வங்காள விரிகுடாவைக் கடந்து, நமது காலித் துறைமுகத்திலே தங்கிச் செல்வது நெடுநாள் வழக்கம். சோழகம் சீறும் மாதங்களில் அவ்வழியை நாடுவோர் அரியர். எவ்வளவு சிறந்த கலமாயினும், பருவத்தை மதியாத மாலுமிக்கு அது துணை நிற்காது.

அடுத்து, கலத்தின் நிலைப்பாடு. பாய்க்கப்பலைக் காற்றுத் தாங்கிப் பிடிக்கும். பாயில்லாத மோட்டார் கலமோ பக்கவாட்டு அலையிலே தொட்டில்போல ஆடும். இவ்வாட்டம் கலத்தைக் கவிழ்ப்பது அரிது. ஆனால் குடும்பத்தின் மன உறுதியைக் கவிழ்த்துவிடும். மூன்று நாள் வாந்தியெடுத்த பிள்ளை நான்காம் நாள் கடலை வெறுக்கும். ஆதலால் ஆட்டந்தணிக்கும் அமைப்பு ஆடம்பரமன்று, தேவையே. நீருக்கடியில் இருபுறமும் நீட்டிக்கொண்டு, கருவிகளால் தாமே அசையும் செட்டைகள் ஒருவகை. இருபுறமும் நீண்ட கம்புகளிலிருந்து நீருக்குள் தொங்கவிடப்படும் பாரமான பலகைகள் மற்றொருவகை. இது மீன்பிடிக் கலங்களிலிருந்து கற்ற முறை. செட்டைகள் வசதியானவை, ஆயின் பழுதுபடக் கூடியவை. தொங்கு பலகைகள் தொல்லை தருபவை; ஆயின் அவற்றிற் பழுதுபடுவதற்கு அதிகம் இல்லை. பெருஞ்சுழற்சியுடைய சக்கரத்தைக் கொண்டு ஆட்டத்தை அடக்கும் புதிய கருவிகளும் இன்று உண்டு; அவை மின்சாரத்தை மிகுதியாக உண்பவை.

ஆட்டம் வேறு, கவிழ்ச்சி வேறு. மேல்மாடி, அதன்மேற் கூரை, அதன்மேற் சிறுபடகு என்று பாரத்தை மேலே ஏற்ற ஏற்றக் கலத்தின் நிமிரும் ஆற்றல் குன்றுகிறது. நீருக்குமேல் நிற்கும் பகுதி சிறிதாகவும், நீருக்குட்பட்ட பகுதி ஆழமாகவும், அடியிலே போதிய பாரம் உடையதாகவும் அமைந்த கலமே நெடுங்கடலுக்கு ஏற்றது. அகன்ற கண்ணாடிச் சாளரங்கள் கண்ணுக்கு இனியவை. ஆனால் பேரலை மோதும்போது அவற்றை மூடிக் காக்கும் பலகைகள் உண்டா என்று கேட்டறிதல் வேண்டும்.

பொறி ஒன்றா, இரண்டா என்பது தீராத வழக்கு. ஒற்றைப் பொறியுடைய கலத்தில், ஏரா என்னும் அடிமரத்தின் பின்னே சுழல்விசிறி பாதுகாப்பாக அமையும், மிதக்கும் மரமோ வலையோ எளிதில் தாக்காது, செலவும் குறைவு. இரட்டைப் பொறியில் ஒன்று கெட்டால் மற்றது உதவும். குறுகிய துறையிலே திருப்புவதும் எளிது. ஆனால் இரு விசிறிகளும் காப்பின்றி வெளியே நிற்கும். ஒற்றைப் பொறியுடன், தனித் தாங்கியும் தனி விசிறியும் கொண்ட சிறிய துணைப்பொறியை வைத்துக்கொள்வது நடுவழி. எவ்வாறாயினும் ஓர் உண்மையை மறத்தல் ஆகாது. நடுக்கடலில் டீசல் பொறி நின்றுபோவதற்கு அடிக்கடி காரணமாவது அழுக்கும் நீரும் கலந்த எரிபொருளே. அலை எழும்போது தாங்கியின் அடியிற் படிந்த மாசு கலங்கி மேலெழுந்து வடிகட்டியை அடைத்துவிடும். இரண்டு வடிகட்டிகள் இணையாக இருந்து, பொறியை நிறுத்தாமலே ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றக்கூடிய அமைப்பு இருத்தல் வேண்டும். பொறியறையில் மனிதன் நுழைந்து நான்கு புறமும் கைவைக்க இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். எட்டாத இடத்திலுள்ள உறுப்பு கவனிக்கப்படாத உறுப்பாகும்.

இனிக் குடியிருப்பைப் பற்றி. நால்வர் கொண்ட குடும்பம் மிகச் சிக்கனமாக ஆளுக்கு நாளொன்றுக்கு 20 லீற்றர் நன்னீர் செலவிட்டாலும், 1,000 லீற்றர் தாங்கி பன்னிரண்டு நாளில் வற்றிவிடும். கடல்நீரை நன்னீராக்கும் கருவி இன்று உண்டு. ஆயினும் அது பழுதுபடும் நாளை எண்ணித் தாங்கியின் அளவைத் தீர்மானிப்பதே விவேகம். ஆண்டுக்கு இருமுறை வரும் விருந்தினருக்குப் பெரிய அறை ஒதுக்கிவிட்டுப் பிள்ளைகளைக் கூடத்திலே படுக்கவைக்கும் அமைப்பு கலத்திற்கு ஒவ்வாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் கதவுடைய ஒரு மூலையாவது, பாடம் எழுத அசையாத மேசையாவது வேண்டும். சமையலறை அணியத்தில், அதாவது முன்புறத்தில், இருந்தால் ஆட்டம் மிகும். நடுப்பகுதியில் இருப்பதே நலம்.

தாய்மார் கேட்க வேண்டிய கேள்விகளும் சில உண்டு. மேற்றளத்தின் சுற்றுக்கம்பி பிள்ளையின் மார்பளவுக்காவது உயர்ந்திருக்கிறதா? அதன் இடைவெளிகளில் வலை கட்டலாமா? உட்புறத்திலிருந்து தளத்திற்கு வெளியேற இரண்டு வழிகள் உண்டா? தீயையும் நச்சுப்புகையையும் அறிவிக்கும் கருவிகள் உறங்கும் அறைகளில் உள்ளனவா? கடலில் விழுந்த ஒருவரை மீண்டும் தூக்கி ஏற்றக் கடையார்ப் பக்கத்தில் ஏணி உண்டா? இக்கேள்விகளுக்கு 'ஆம்' என்று விடை தராத கலம் எவ்வளவு அழகுடையதாயினும் குடும்பத்திற்கு உரியதன்று.

இறுதியாகப் பணம். கையிலுள்ள முழுத்தொகையையும் கலத்தை வாங்குவதிலேயே செலவிடுதல் பெருந்தவறு. வாங்கிய பின்னரே செலவு தொடங்குகிறது. பராமரிப்பு, துறைமுகக் கட்டணம், காப்புறுதி ஆகியவற்றிற்கு ஆண்டுதோறும் கலத்தின் விலையிற் பத்திலொரு பங்கை ஒதுக்குவது அனுபவசாலிகளின் பொதுக்கணக்கு. விலை பேசுமுன், விற்பவரோடு தொடர்பில்லாத பரிசோதகர் ஒருவரை அமர்த்துங்கள். கலத்தை நீரிலிருந்து தூக்கிக் கரையேற்றி அவர் சோதிக்கவேண்டும். கண்ணாடியிழைக் கலமாயின் ஈரம் ஊறிக் கொப்புளம் எழுந்திருக்கிறதா என்றும், இரும்புக் கலமாயின் தகடு துருப்பிடித்து மெலிந்திருக்கிறதா என்றும், அலுமினியக் கலமாயின் மின்னரிப்பு ஏற்பட்டிருக்கிறதா என்றும் அவர் ஆராய்வார். பொறியின் எண்ணெயை ஆய்வுசாலைக்கு அனுப்பினால், உள்ளே தேயும் உலோகத்தின் துகள்கள் உண்மையைச் சொல்லும். பின்னர் கலத்தைக் கடலிற் செலுத்திப் பொறியை முழு வலுவில் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். சோதனைக்கு உடன்படாத விற்பனையாளரிடம் விடைபெற்று வருவதே இலாபம்.

நேயர்களே, இவை அனைத்தையும் செய்தபின்னும் ஒரு சோதனை எஞ்சியிருக்கிறது. வாங்க எண்ணும் கலத்தையொத்த கலமொன்றை வாடகைக்கு எடுத்து, முழுக் குடும்பமும் இரண்டு வாரம் அதில் வாழ்ந்து பாருங்கள். நல்ல வானிலையில் மாத்திரமன்றி, மழையும் காற்றும் அடிக்கும் நாளிலும் இருந்து பாருங்கள். குடும்பத்தில் ஒருவர் கனவு காண, மற்றவர்கள் சகித்துக்கொள்ளும் பயணம் நெடுநாள் நிலைக்காது. இரண்டு வாரத்தின் முடிவில், எல்லாரிலும் இளைய பிள்ளை 'அடுத்த துறை எது?' என்று கேட்குமாயின், நீங்கள் துணிந்து விலை பேசலாம். 'எப்போது வீட்டுக்குப் போவோம்?' என்று கேட்குமாயின், அந்தக் கேள்விக்கும் செவி கொடுங்கள். பரிசோதகரின் அறிக்கையில் அது இடம்பெறாது. ஆயினும் அதுவே அவ்வறிக்கையின் கடைசி வரியாகும்.