மின்சூளைக்கும் காற்று வேண்டும்

மின்சூளையில் விறகு இல்லை, புகை இல்லை. கம்பிச் சுருள்கள் பழுக்கக் காய்கின்றன, அவ்வளவுதான். அதனால் காற்றைப் பற்றிக் கவலையில்லை என்று பலர் துளைகளை அடைத்து, மூடியை இறுக்கிவிட்டு கரண்டைப் போடுகிறார்கள். வெந்து வரும் கோப்பை வெளியே நன்றாகச் சிவந்திருக்கும். உடைத்துப் பார்த்தால்தான் தெரியும்: ஓட்டின் நடுவே கன்னங்கரேலென்று ஒரு பட்டை.

அந்தக் கறுப்பு மண்ணுக்குள்ளேயே இருந்தது. களிமண்ணில் மட்கிய இலைதழைகளின் கரிமம் கலந்திருக்கும். சில மண்ணில் கந்தகமும் உண்டு. சூடு ஏறி 900 டிகிரி செல்சியஸை எட்டுவதற்குள் இவை எரிந்து வெளியேறிவிட வேண்டும். எரிய ஆக்சிஜன் எங்கே? 200 லிட்டர் சூளையை எடுத்துக்கொள்வோம். 800 டிகிரியில் காற்று விரிந்து பெரும்பகுதி வெளியே போய்விட, உள்ளே மிஞ்சும் ஆக்சிஜன் ஏறக்குறைய 15 கிராம். அடுக்கியிருக்கும் 20 கிலோ பாண்டங்களில் 0.2 சதவீதம் கரிமம் இருந்தால்கூட, அது முழுதாக எரிய 100 கிராமுக்கு மேல் ஆக்சிஜன் தேவை.

பற்றாக்குறையை ஈடுகட்ட, கரிமம் மண்ணிலுள்ள சிவப்பு இரும்பு ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்குகிறது. இரும்பு கறுக்கிறது. கறுத்த இரும்பு மண்ணைச் சீக்கிரமே இளகச் செய்யும். பிறகு எழும் வாயு வெளியேற வழியின்றிப் பாண்டம் கொப்பளிக்கும், கண்ணாடிப் பூச்சில் ஊசித்துளைகள் விழும்.

ஆதிச்சநல்லூர், கீழடியில் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளிலும் இதே வேதியியல்தான். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. காற்று எங்கே படலாம், எங்கே படக்கூடாது என்பதை அந்தக் குயவர்கள் தீர்மானித்தார்கள். அந்தத் தேர்ச்சி எனக்கு எப்போதும் வியப்பு.

மின்சூளையில் ஆக்சிஜன் குறைந்தால் கம்பிக்கும் ஆபத்து. இரும்பு-குரோமியம்-அலுமினியக் கலவைக் கம்பியைக் காப்பது அதன் மேல் படியும் மெல்லிய அலுமினிய ஆக்சைடு படலம். ஆக்சிஜன் இல்லாவிட்டால் அந்தப் படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாது.

தீர்வு எளிது. சூளையின் அடியில் சிறு துளைகள் வழியே காற்றை உறிஞ்சிக் குழாயில் வெளியே தள்ளும் விசிறி பொருத்தலாம். மேல்துளைகள் வழியே புதுக்காற்று இறங்கும். உறிஞ்சும் அளவு கொஞ்சம்தான் என்பதால் சூடு அதிகம் வீணாகாது. விசிறி இல்லாதவர்கள் 900 டிகிரி வரை மேல்துளையைத் திறந்தே வைத்து, 700-க்குப் பிறகு மெதுவாகச் சூடேற்றலாம். ஆனால் அப்போது வாயுக்கள் அறைக்குள்தான் வரும். கந்தக டை ஆக்சைடு மூக்கைத் துளைத்துக் காட்டிக்கொடுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கோ வாசனையே கிடையாது. வீட்டுக்குள் சூளை வைத்திருப்பவர்கள் அதைக் கண்டறியும் கருவியையும் மாட்டிவிட வேண்டும்.