பாட்டனாரின் ஊர் எது?

கடல் கடந்த நாடுகளில் பிறந்த தமிழர் பலர், தம் பாட்டனாரின் பூர்வீகத்தைத் தேடிச் சென்னைக்கு வருகின்றனர். அவர்தம் கையிலுள்ள ஆதாரம் பெரும்பாலும் ஒரு துண்டுக் காகிதமே. அதில் ஒரு பெயர், ஒரு கப்பல், ஒரு வருஷம், ஆங்கில எழுத்தில் உருக்குலைந்த ஓர் ஊர். எம் பாட்டனார் எவ்வூரார் என்று அவர்கள் கேட்கும் கேள்விக்கு விடை தேட உதவுவது நம் கடமையென்று நாம் கருதுகிறோம்.

இக்கேள்வி பிறந்த இடம் நம் சென்னைக் கடற்கரையே. 1860 அக்டோபரில் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு இங்கிருந்து புறப்பட்டு, நவம்பர் 16-ஆம் தேதி டர்பனை அடைந்தது. அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும்; ஜனங்கள் மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து சென்று ஏறுவர். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1856 ஜூலை 1-ஆம் தேதி, இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கி, வட ஆற்காட்டுச் சீமையைக் கடற்கரையோடு இணைத்திருந்தது. கோகலே சட்டசபையில் கொணர்ந்த தீர்மானத்தின் பயனாக 1911-இல் நேட்டாலுக்குக் கூலிகளை அனுப்புவது நின்றது. அதற்குள் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே சென்றிருந்தனர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்களே.

இவர்களைப் பற்றிய கப்பல் பட்டியல்கள் அழியாமல் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, உயரம், உடலிலுள்ள அடையாளம், ஜில்லா, தாலூகா, கிராமம் ஆகிய அனைத்தும் அவற்றில் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணும் இடப்பட்டது. அன்பினால் எழுதி வைத்த குறிப்பென்று எவரும் எண்ண வேண்டாம். கூலியைக் கணக்கிடவும், தோட்டத்தை விட்டு ஓடியவனைக் கண்டுபிடிக்கவும் எழுதப்பட்டது அது. ஆயினும் நிலமற்ற ஏழையின் நிலைமையைப் பாருங்கள்! பட்டா இல்லாதவனுக்குச் சொந்தக் கிராமத்தின் நிலக் கணக்கில் இடமில்லை. அவனை அக்கரைக்கு அனுப்பிய பட்டியலொன்றே அவன் தகப்பனின் பெயரையும் ஊரையும் நினைவு வைத்திருக்கிறது.

அப்பட்டியல் கிடைத்தாலும் சிரமம் தீர்ந்துவிடுவதில்லை. காதில் விழுந்தபடி குமாஸ்தா எழுதிய பெயர்கள் நாளடைவில் உருமாறின. முனுசாமி ‘மூன்சாமி’ ஆனார். முதலியார் ‘மூட்லி’ ஆனார். ஒருவரின் சொந்தப் பெயரே சந்ததியாரின் குடும்பப் பெயராயிற்று. ஜில்லாக்களும் மாறிவிட்டன. பட்டியலில் ‘வட ஆற்காடு’ என்றிருப்பின், அவ்வூர் இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகியவற்றில் எதிலேனும் இருக்கலாம். 1911-இல் பிரிந்த சித்தூர் ஜில்லாவிலும், அதாவது இன்றைய ஆந்திரத்திலும் இருக்கலாம். எனவே தேடுவோர் முதலில் தம் வீட்டு முதியோரை விசாரித்து, பாட்டனாரின் எண்ணைக் கண்டுபிடித்து, அதைக் கப்பல் பட்டியலோடு ஒப்பிட்டு, பிறகே இங்கு வருதல் நலம். ஊர்ப் பெயரைப் பழைய தாலூகாப் படத்தில் தேட வேண்டுமேயன்றி இன்றைய படத்தில் தேடிப் பயனில்லை.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். கப்பலேறுமுன் பெயரை மாற்றிச் சொன்னவரும் உண்டு, ஜாதியை மாற்றிச் சொன்னவரும் உண்டு. பழைய கட்டுகளை அறுத்துக்கொள்ள அவர்களுக்கு அது ஒரு வழியாக இருந்தது. ஆகையால் பட்டியலில் காணும் ஜாதியை வேதவாக்காகக் கொள்ளுதல் தகாது. பாட்டனாரின் பிறப்பு நிச்சயமாகத் தெரியவில்லையே என்று பேரர் வெட்கப்படவும் வேண்டாம். வெட்கப்பட வேண்டியது மனிதரை எண்களாக்கிய முறையே.

இத்தேடலில் மனநிறைவோடு உரிமையும் கலந்திருக்கிறது. ‘வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்’ அட்டையைச் சட்டம் பொதுவாகக் கொள்ளுப்பேரர் வரையிலேயே அளிக்கிறது. மொரீஷியஸில் வாழும் ஏழாம் தலைமுறையினருக்கும் அதனை அளிக்க 2024-இல் அறிவிப்பு வந்தது. இந்த உரிமையைக் கோருவோருக்கு முன்னோரின் பழங்காகிதமே சாட்சி. ஆகவே எழும்பூர் ஆவணக் காப்பகமும் கிராம அதிகாரிகளும் இவர்களை அலைய விடாமல் ஆதரிப்பது நியாயம்.

நம் வாசகர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அக்கரையில் ஒருவர் தேடும் பாட்டனார், இக்கரையில் ஏதோ ஒரு குடும்பத்தின் காணாமற்போன பிள்ளை. ‘எங்கள் தாத்தாவின் தமையன் கப்பலேறிப் போனான், திரும்பவில்லை’ என்று சொல்லும் கிழவியர் வட ஆற்காட்டிலும் செங்கற்பட்டிலும் இன்னும் இருப்பார்களாயின், அச்சொல்லை இன்றே எழுதி வையுங்கள்.

ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, 1914-இல் சத்தியாக்கிரகத்தில் உயிர் நீத்த வள்ளியம்மையைத் தில்லையாடி வள்ளியம்மை என்றே நாம் அழைக்கிறோம். 1915-இல் காந்தியடிகள் அச்சிற்றூருக்கு நேரில் சென்று மரியாதை செய்தார். முன்னோரின் ஊர் இன்னதெனத் தெரிந்திருந்ததால் அவ்வீராங்கனைக்கு இங்கே ஒரு வீடு கிடைத்தது. ஊர் தெரியாத ஆயிரக்கணக்கானோர்க்கும் அவ்வீட்டைத் தேடிக்கொடுப்போமாக!