7,250 டாலர் ஒயர்

பன்னிரண்டு அடி நீள ஸ்பீக்கர் ஒயர், ஒரு ஜோடி, 7,250 டாலர். 2007இல் 'பியர்' என்ற நிறுவனம் தன் 'ஆஞ்சூ' கேபிளுக்கு வைத்திருந்த விலை அது. அமானுஷ்ய சக்தியை நிரூபிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக அறிவித்திருந்த மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி, இந்த கேபிளைச் சாதாரண கேபிளிலிருந்து காதால் மட்டுமே பிரித்துச் சொல்பவருக்கும் அதே பரிசு என்றார். ஆடியோ விமர்சகர் மைக்கேல் ஃப்ரெமர் நான் தயார் என்று முன்வந்தார். கேபிள் நிறுவனம் ஒதுங்கிக்கொண்டது. பேச்சு முறிந்து, சோதனை நடக்கவே இல்லை.

ஆனால் அதற்கு வெகு முன்பே இப்படியொரு சோதனை நடந்திருந்தது. அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' இதழ் 1983 ஆகஸ்டில் அதை வெளியிட்டது. தடித்த மான்ஸ்டர் கேபிள், மேசை விளக்குக்குப் போடும் 16 கேஜ் ஒயர், நூல் மாதிரி மெல்லிய 24 கேஜ் ஒயர் என மூன்று. எது ஓடுகிறது என்று கேட்பவர்களுக்குத் தெரியாது. சோதனைக்கான இரைச்சலை ஒலிக்கவிட்டபோது மெல்லிய ஒயரை அடையாளம் கண்டுவிட்டார்கள். பாட்டு ஓடியபோதோ, விளக்கு ஒயர் எது, மான்ஸ்டர் எது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை.

கணக்குப் போட்டாலே இது புரியும். வீட்டு வயரிங்குக்கு வாங்குகிறோமே, அந்த 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரையே மூன்று மீட்டர் எடுத்துக்கொள்வோம். மின்சாரம் போய் வர ஆறு மீட்டர். மின்தடை சுமார் 0.04 ஓம். ஸ்பீக்கரின் தடையோ 8 ஓம். ஒலியில் குறைவது ஏறக்குறைய 0.05 டெசிபல், எந்தக் காதுக்கும் அது எட்டாது. அதுவே 0.5 சதுர மி.மீ. ஒயரைப் பத்து மீட்டருக்கு இழுத்தால் இழப்பு 0.7 டெசிபலைத் தாண்டும். ஸ்பீக்கரின் தடை அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்குவதால் அந்த இழப்பும் சீராக இருக்காது. ஒலியின் குணமே சற்று மாறும். தடித்த ஒயர் வாங்கினால் தீர்ந்தது. வெள்ளி ஒயர் என்பார்கள். வெள்ளி செம்பைவிட ஆறு சதவீதம்தான் நன்றாகக் கடத்தும். செம்பைக் கொஞ்சம் தடிப்பாக்கினால் அந்த ஆறும் கிடைத்துவிடும்.

அப்படியானால் வித்தியாசம் கேட்கிறது என்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை, அவர்களுக்கு உண்மையிலேயே கேட்கிறது. 1994இல் ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் ஒரே ஸ்பீக்கர்களைக் காட்டியும் திரைக்குப் பின்னால் மறைத்தும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். கண்ணில் பட்டதும் மதிப்பெண்கள் மாறின. ஒலியை மூளை காதை மட்டும் நம்பி எடை போடுவதில்லை. விலைச்சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்பவருக்கு, அந்த விலையும் ஒலியோடு சேர்ந்தே கேட்கிறது.

கேபிளை நிஜமாகவே கவனித்து வாங்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: இசைத்தட்டுப் பிரியர்களின் டர்ன்டேபிள். ஊசியைத் தாங்கும் மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது ஐந்து மில்லிவோல்ட் அளவிலான சன்னமான சமிக்ஞை; உறை சரியில்லாத கேபிளில் உறுமல் புகுந்துவிடும். கார்ட்ரிட்ஜின் சுருளோடு கேபிளின் மின்தேக்குதிறன் சேர்ந்து உச்ச ஸ்தாயியை மாற்றவும் செய்யும். ஆடியோ டெக்னிகா தன் விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்கு 100 முதல் 200 பிகோஃபாரட் வரை மின்தேக்குதிறன் இருக்கலாம் என்கிறது. ஆம்ப்ளிஃபயரே அதில் 100ஐ எடுத்துக்கொண்டால், மீட்டருக்கு 100 பிகோஃபாரட் உள்ள கேபிளில் ஒரு மீட்டருக்கு மேல் போக இடமில்லை. என்ன விலை கொடுத்து வாங்கியிருந்தாலும்.