உங்களுக்குத் தெரியுமா? ஒரு நகரம் சிற்றூரான கதை

அல்பேனியாவின் தென்கிழக்கு மலைகளில், கொர்ச்சா நகருக்கு அருகே இருக்கிறது வோஸ்கோபொயா. சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்தே 2011 கணக்கெடுப்பில் சுமார் ஆயிரம் பேர்தான். 18ஆம் நூற்றாண்டிலோ இது வெனிஸ், வியன்னா வரை வணிகம் செய்த பெருநகரம்! ஆரோமானியர் என்ற பால்கன் இன வணிகர்களின் செல்வத்தில் அச்சகம் ஓடியது. 1744இல் 'புதிய அகாதமி' எழுந்தது. 1769இல் கொள்ளையர் சூறையாடினர். 1788இல் மீண்டும் அழிவு. மக்கள் சிதறினர்.

மனத்தைத் தொடுவது இதுதான்: முதல் சூறையாடலுக்கு மறு ஆண்டே, அகாதமியின் தலைவர் கவலியோட்டிஸ் வெனிசில் ஒரு நூல் அச்சிட்டார். அதில் கிரேக்கம், ஆரோமானியம், அல்பேனியம் என மும்மொழிச் சொற்பட்டியல். மூன்றுமே கிரேக்க எழுத்தில், அருகருகே. வோஸ்கோபொயாவின் புனித நிக்கோலஸ் தேவாலயச் சுவர்களில் 1726இல் ஓவியர் டேவிட் செலெனிட்சா தீட்டிய ஓவியங்களை இன்றும் காணலாம்.