வேலையிடத்தில் மனநலம்: மாற வேண்டியது எது?

உலக மனநல நாளான அக்டோபர் 10 நெருங்கினால் பெரிய நிறுவனங்களில் தியான வகுப்பு, மன அழுத்தத்தைச் சமாளிப்பது பற்றி ஒரு சொற்பொழிவு, மனநலச் செயலிக்கு இலவசச் சந்தா என்று ஏற்பாடுகள் நடக்கின்றன. நோக்கம் நல்லதுதான். ஆனால் பலன் உண்டா என்று பார்த்தவர்களுக்குக் கிடைத்தது ஏமாற்றமே. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் வில்லியம் ஃபிளெமிங், பிரிட்டனின் 233 நிறுவனங்களில் பணிபுரியும் 46,336 பேரின் தரவுகளை அலசி 2024இல் முடிவை வெளியிட்டார். இத்தகைய திட்டங்களில் பங்கேற்றவர்களின் மனநலம், பங்கேற்காதவர்களுடையதைவிட மேலாக இல்லை. தொண்டுப் பணிக்கு வாய்ப்பளித்தது மட்டும் விதிவிலக்கு. ஏற்கெனவே மனம் வாடியவர்கள்தானே இவற்றைத் தேடிப் போவார்கள், ஒப்பீடு எப்படிச் சரியாகும் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 5,000 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஓர் உடல்நலத் திட்டத்தைச் சோதித்தபோது ஓரளவு விடை கிடைத்தது. சேர முன்வந்தவர்கள் முன்பிருந்தே மருத்துவச் செலவு குறைவாக உள்ளவர்கள். ஆனால் வாய்ப்புப் பெற்ற பிரிவையும் பெறாத பிரிவையும் ஒப்பிட்டால், மருத்துவச் செலவிலோ வேலைத்திறனிலோ சொல்லும்படியான வேறுபாடு இல்லை.

எனவே ஊழியரின் மனதை விட்டு, அவர் செய்யும் வேலையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பளு மட்டுமே மனதை நோகடிப்பதில்லை. பளு மிகுந்து, அதை எப்படிச் செய்வது என்று தானே முடிவெடுக்கும் உரிமை குறைந்த இடத்தில்தான் பாதிப்பு கடுமை என்று 1979இல் ராபர்ட் கராசெக் எடுத்துரைத்தார். 1985இல் லண்டனில் 10,308 அரசு ஊழியர்களைக் கொண்டு மைக்கேல் மார்மட் குழுவினர் தொடங்கிய ஆய்விலும், தன் வேலையில் தன் கை ஓங்காதவர்களுக்கு இதய நோயும் மனநலக் குலைவும் கூடுதலாகத் தெரிந்தன. கால் சென்டரில் இரவு ஷிஃப்டில் இருக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். மறுமுனையில் வாடிக்கையாளர் கத்துகிறார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் வரிக்கு வரி திரையில் இருக்கிறது; மாற்றிச் சொல்லக் கூடாது. அழைப்பை முடிக்க வேண்டிய நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. கழிவறைக்கு எழுந்து போனால் அந்த நிமிடங்களும் பதிவாகின்றன. இந்த வேலையை இப்படியே வைத்துக்கொண்டு மூச்சுப்பயிற்சி கற்றுத்தருவது, கூரையைப் பிரித்து மேயாமல் ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைப்பது போலத்தான்.

வேலையை மாற்றினால் வியாபாரம் படுத்துவிடும் என்பது முதலாளிகள் வழக்கமாகச் சொல்லும் மறுப்பு. அமெரிக்காவில் கேப் ஆடை நிறுவனத்தின் சில கடைகளில் ஷிஃப்ட் நேரங்களை நிலையாக்கி, ஊழியர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளவும் வழிசெய்து பார்த்தார்கள். ஊழியர்களின் தூக்கம் மேம்பட்டது. அந்தக் கடைகளில் விற்பனையும் 7% கூடியது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் தீயணைப்புத் துறையில், மனச்சோர்வில் இருக்கும் ஊழியரிடம் எப்படிப் பேசுவது என்று மேலதிகாரிகளுக்கு வெறும் 4 மணி நேரம் பயிற்சி தந்தார்கள். அடுத்த 6 மாதங்களில் அவர்களின் கீழிருந்தவர்கள் வேலை சார்ந்த நோய் விடுப்பு எடுப்பது குறைந்தது. செலவைப் போல ஏறத்தாழ 10 மடங்கு மிச்சமானது. என்னைக் கேட்டால், ஒரு நிறுவனத்திடம் ஒன்றே ஒன்று செய்யத்தான் பணம் இருக்கிறதென்றால் மேனேஜர்களிடமிருந்து தொடங்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் தந்த வழிகாட்டுதலும் வேலைச் சூழலைச் சீராக்குவதையும் மேலாளர் பயிற்சியையும் வலியுறுத்துகிறது. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுக்கு 1,200 கோடி வேலை நாட்களை இழக்கிறது என்பது அதன் மதிப்பீடு.

மனநோய்க்கு வீட்டுக் கவலை, கடன், பரம்பரை என வேறு காரணங்களும் உண்டே என்பார்கள். உண்டு. நோயுற்றவருக்குச் சிகிச்சையும் விடுப்பும், திரும்பி வரும்போது பளுவைப் படிப்படியாகக் கூட்டும் ஏற்பாடும் அவசியம். ஆனால் வீட்டுச் சண்டையை நிறுவனத்தால் தீர்க்க முடியாது. ஷிஃப்டையும் டார்கெட்டையும் தீர்மானிப்பது நிறுவனம்தான். அதன் கையில் உள்ளதைத்தான் அதனிடம் கேட்கிறோம். சற்று உட்காரலாமா என்பதைக்கூடத் தானே முடிவு செய்ய முடியாமல் நாள் முழுக்க நின்ற கடை ஊழியர்களுக்காக, தமிழ்நாடு 2021இல் சட்டத்தைத் திருத்தி இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. அடுத்த முறை ஜவுளி எடுக்கப் போகும்போது விற்பனைப் பெண்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறார்களா, அதில் அவர்களை உட்கார விடுகிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலாளியிடம் கேளுங்கள்.