லேடீஸ் சைக்கிளில் இல்லாத பார்

பழைய லேடீஸ் சைக்கிள் புதுப்பிக்கத் தேறுமா என்பதை, மேல்குழாய் சரிந்து வந்து சீட்டுக் குழாயைத் தொடும் மூட்டே சொல்லிவிடும். சென்னையில் தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் மாடிப்படிக்கு அடியில் தூசு படிந்து கிடக்கும் பிஎஸ்ஏ லேடிபேர்டு வகை வண்டிக்கு உயர்ந்த ஹேண்டில்பார், அகன்ற சீட், முன்கூடை மாட்டி வெளிர்நிற பெயின்ட் அடித்தால் ‘விண்டேஜ் க்ரூசர்’ என்ற பட்டம் கிடைத்துவிடுகிறது. பட்டம் கொடுப்பவர்கள் அந்த மூட்டைப் பார்ப்பதில்லை.

வரலாறு கொஞ்சம்தான். அசல் க்ரூசர், அமெரிக்காவில் ஷ்வின் நிறுவனம் 1933-இல் தடித்த பலூன் டயருடன் இறக்கிய வண்டியின் வாரிசு. லேடிபேர்டைத் தந்த, 1949-இல் தொடங்கப்பட்டு அம்பத்தூரில் ஆலை நடத்திய டிஐ சைக்கிள்ஸ் இங்கிலாந்துக் கூட்டில் பிறந்தது. அதன் வண்டிகள் வேறு குலம். பாவாடை தடுக்காமல் ஏற மேல்பாரை இறக்கும் வழக்கம் மட்டும் 1880-களின் கடைசியிலேயே வந்துவிட்டது.

அந்தப் பார் இறங்கியதில்தான் விஷயம் இருக்கிறது. முன்சக்கரம் குழியில் மோதும்போது ஃபோர்க் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. ஆண்கள் சைக்கிளில் அந்த நெம்புதலைக் கீழ்க்குழாய் அமுக்கமாகவும் மேல்பார் இழுவையாகவும் வாங்கிக்கொள்கின்றன. பாரின் பின்முனை சீட்டுக்குக் கீழே, பின்னச்சிலிருந்து ஏறிவரும் இரட்டைக் கம்பிகள் கூடும் இடத்தில் முடிவதால், இழுவை அந்த வழியே பின்சக்கரத்துக்குப் போய்விடும். லேடீஸ் சைக்கிளில் மேல்குழாய் சீட்டுக் குழாயின் பாதி உயரத்திலேயே நின்றுவிடுகிறது. அதற்குப் பின்னால் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. ஆகவே ஒவ்வொரு குழிக்கும் சீட்டுக் குழாயின் நடுப்பகுதி முன்னோக்கி இழுபட்டு, கண்ணுக்குத் தெரியாத அளவில் வில்லாக வளைந்து மீள்கிறது.

ஆடும் டீக்கடை பெஞ்சுக்குத் தச்சர் காலிலிருந்து மேற்பலகைக்குக் குறுக்குச் சட்டம் அடித்தால் ஆட்டம் நின்றுவிடும். கால் நீட்ட இடைஞ்சல் என்று கடைக்காரர் அதைக் காலின் பாதியில் முடியும்படி இறக்கினால் பெஞ்சு மறுபடி ஆடும். தச்சர் கனமான கட்டையாகப் போடுவார். பெஞ்சைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். நாலாவது ஆள் உட்கார்ந்தால் கால் நடுவில் பிளக்கும். லேடீஸ் சைக்கிளுக்கும் இதுதான் நடந்தது: அதே உறுதிக்குத் தடித்த குழாய், கூடுதல் எடை. பிரெஞ்சு மிக்ஸ்ட் சட்டம் சாமர்த்தியமானது. இரண்டு மெல்லிய குழாய்களை சீட்டுக் குழாயின் இருபக்கமும் கடத்திப் பின்னச்சு வரை கொண்டுபோய்விடுகிறது.

பார் இல்லாததுதான் பெண்களுக்கு வசதி என்பதும் எப்போதும் பொருந்தாது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் சைக்கிள் கற்ற பெண்களில் பலர், குழந்தையை உட்கார வைக்கலாம் என்று பார் உள்ள வண்டியையே விரும்பினார்கள்.

சோதிக்க விரல் போதும். முன்கழுத்துக்குச் சற்றுப் பின்னே, கீழ்க்குழாயின் அடிப்பக்கம் தடவும்போது சிறு மடிப்பு தட்டுப்பட்டால், வண்டி எப்போதோ நேருக்கு நேர் மோதியிருக்கிறது. சீட்டுக் குழாய் மூட்டைச் சுற்றி பெயின்டில் மயிரிழைக் கோடு ஓடி அதில் துரு கசிந்தால் உலோகமே விரிசல் விட்டிருக்கக்கூடும். பவுடர் கோட்டிங் இரண்டையும் அழகாக மூடிவிடும் என்பதால், பெயின்டைச் சுரண்டிப் பார்த்த பிறகே வண்ணம் தேர்ந்தெடுக்க வேண்டும். பித்தளையால் பற்றவைத்த பழைய மூட்டில் ஆர்க் வெல்டிங் வைத்தால் பித்தளை உருகி எஃகில் ஊடுருவி அங்கேயே மறுபடி விரிசல் விடும்.

குரோம் பூச்சு தனிக்கதை. குரோமியம் ஒரு மைக்ரான் தடிமனுக்கும் குறைவு. எஃகைக் காப்பது அடியிலுள்ள நிக்கல். அதில் ஊசித்துளை விழுந்தால் உப்புக்காற்றில் எஃகே முதலில் அரிக்கப்படும். கடலோர நீலாங்கரை வண்டி துருப்பிடிப்பதில் தாம்பரம் வண்டியைவிட முந்திக்கொள்ளும். கோலாவும் அலுமினியத் தாளும் துருவை மாயமாக்கும் என்னும் வீடியோக்களில் வேலை செய்வது பெரும்பாலும் தேய்க்கும் கைதான். உரிந்த குரோம் திரும்பி வராது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மூழ்கிய வண்டி என்றால் சீட்டைக் கழற்றிக் குழாயைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே போன நீர் பெடல் அச்சுக் கூட்டில் தங்கி அங்கிருந்துதான் தின்னத் தொடங்கும். செதில் செதிலாகத் துரு கொட்டினால் கூடை, மணி, சீட்டை மட்டும் கழற்றிக்கொண்டு சட்டத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்.